தங்கை அழைத்த இன்னொரு அக்கா

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் டீச்சர் எழுதினால் நன்றாக இருக்கும் என்று தங்கை மகன் சொன்னான். டீச்சர் என்பவர் டயாலிசிஸ் செய்யும் இடத்தில் தங்கைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்; அவருக்கும் அதே டயாலிசிஸ்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் கூடப் பிறந்தவள் இருக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் எழுதுவதா என்று பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்வார்கள்.

தங்கை சுந்தரபாண்டியத்தில் பிறந்தாள். அம்மா வயல் வேலைக்குப் போனதால் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். 'அக்கா' என்பதுதான் அவள் வாயில் வந்த முதல் சொல். அம்மாவுக்கே அதில் கொஞ்சம் குறை உண்டு. என்னை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவளை ராஜபாளையத்திலும் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் சின்ன வயதிலேயே போய்விட, பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தாள். யாரிடமும் கை நீட்டியதில்லை. என்னிடமும் நீட்டவில்லையே என்று எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

சர்க்கரை வியாதி அவள் கிட்னியைக் கெடுத்துவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கை நரம்பு மெலிந்திருந்ததால் அங்கே ஊசி போட வழியில்லை என்று, கழுத்துக்குக் கீழே குழாய் வைத்துக் கட்டுப் போட்டார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது. தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வந்து, கட்டு நனையாமல் பின்பக்கம் சாய்த்து ஊற்றிவிடுவேன். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் டயாலிசிஸ் நடக்கும்போது சப்பட்டை மாம்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

"மாம்பழம் இவங்களுக்கு ஆகாதும்மா. பொட்டாசியம் கூடிரும்" என்றார் டீச்சர், படுத்தபடியே.

தங்கையும் பையை என் கையிலேயே திருப்பித் தந்தாள். "நீ செத்த நேரம் வெளிய போய் காப்பி குடிச்சிட்டு வாக்கா. இங்க அக்கா இருக்காவ."

"ஏட்டி, எந்த அக்கா?"

"அந்தா, டீச்சரக்கா."

"உனக்கு நான் ஒருத்தி பத்தாதாக்கும்?"

"நீ பொறந்ததுல வந்த அக்கா. அவிய படுத்ததுல வந்த அக்கா" என்று சிரித்தாள். நர்ஸ் பிள்ளையும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை.

என் பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்த மாதம் அது. மிஷினில் இணைத்ததும் தங்கைக்குக் குளிர் நடுக்கம் வந்திருக்கிறது. ஏசி குளிர் என்று சொல்லிப் போர்வை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். வீட்டில் காய்ச்சல் அடித்தால் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டாள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டாள். குளிர் திரும்பியதும் மறுபடி அதே மாத்திரை.

"யார்ட்டயும் சொல்லாதீயக்கா" என்று டீச்சரிடம் கெஞ்சினாளாம். டீச்சர் கேட்கவில்லை. "இது ஏசி குளிர் இல்ல. மொதல்ல ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று நர்ஸிடம் சத்தம் போட்டிருக்கிறார். பார்த்தால், குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. குழாயை எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கிருமியோ மருந்துக்கு அடங்குகிற ஜாதி இல்லை. ஒரு மருந்து மாற்றி ஒரு மருந்து ஏற்றினார்கள். அரைகுறையாகப் போட்ட மாத்திரையும் கிருமிக்குத் தெம்பு கொடுத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

மதுரையில் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா காதுகுத்த நிறுத்திருவ. ஊரையே கூப்பிட்டாச்சுல்லா."

"டீச்சர்ட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதோ?"

"நான் சொல்லலக்கா. அவியளாப் பாத்துட்டாவ."

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு இல்லை. என்னிடம் பேசிய கடைசிப் பேச்சிலும் டீச்சர்தான் இருந்தார். இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் உடல்மேல் நான் போர்த்தினேன். டீச்சரும் ஒரு சேலையோடு வந்து நின்றார். பிறந்த வீட்டுக் கோடி ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். "சரிங்கம்மா" என்று பையில் வைத்துக்கொண்டார். அன்று அவருக்கு டயாலிசிஸ் நாள். அதைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

வைத்தியம் பார்த்த டாக்டர்கள், நர்ஸ் பிள்ளைகள், ரத்தம் கொடுத்தவர்கள், தறி வேலைத் தோழிகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நம்மில் யார் வீட்டிலாவது குழாயோடு டயாலிசிஸுக்குப் போகிறவருக்குக் குளிர் வந்தால், போர்வை கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள்.

டீச்சருக்கும் நன்றி. இன்று பந்தியில் அவருக்கு என் பக்கத்தில் இலை போடச் சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்காக என் தங்கை அவரிடம் பேசியிருக்கிறாள். அந்தப் பேச்செல்லாம் எனக்குச் சேர வேண்டியது. ஒன்று விடாமல் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் அவர் போக வேண்டும். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
தங்கையின் அக்கா