அண்ணன் கட்டிப் பார்த்த கடிகாரம்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அதற்காகத் தேவர்சோலை வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனின் பொறுமை, கடன் வாங்காத குணம், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத பிடிவாதம் இவற்றைப் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் உண்டு. சென்ற ஆண்டு இழவு வீட்டில், பந்தலுக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "தங்கச்சிக்காரி குடுத்த வாட்சுதானுங்க அவரு வேலைய முழுங்குச்சு." சொன்னவர் யார் என்பது எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். சொன்னது உண்மையா என்பதுதான் அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில். ஒன்பது வயதில் குடும்பத்தோடு கப்பலேறி இராமேசுவரம் வந்து, முகாமில் சில மாதம் கிடந்து, நீலகிரியில் சேரங்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். நான் இங்கே வந்த பிறகு பிறந்தவள். எங்களுக்குள் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என்னைப் படிக்கவைத்தவர் அண்ணன்தான். தேவர்சோலைப் பக்கம் ஒரு தனியார் தேயிலை ஃபாக்டரியில் தரை கூட்டச் சேர்ந்தவர், பதினெட்டு வருடத்தில் அங்கேயே டீமேக்கர் ஆனார். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரைக்கும் டீமேக்கர்தான் பொறுப்பு. அதிலும், அரைத்த இலையை எவ்வளவு நேரம் நொதிக்க விடுவது என்பதில்தான் அண்ணனுக்குப் பெயர். ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். பச்சை வாடை போய்ப் பழ வாசனை வந்ததும் "எடுங்க" என்பார். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது.

நான் துபாயில் விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கடலில் முக்குளிப்பவர்களுக்கென்று அறுபது வருடத்துக்கு முன் செய்த கடிகாரங்களின் வடிவத்தில், இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் குளியலறையைத் தாண்டி வேறு தண்ணீரைப் பார்க்காதவர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: தினமும் கட்டலாமா? நானும் "தாராளமாக" என்பேன். ஆனால் அதில் ஒன்றைக்கூட நான் ஒரு வாரம் கட்டிப் பார்த்ததில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, ஊழியர்களுக்கான தள்ளுபடியில் ஒன்று வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். விலையை இங்கே எழுதினால் அண்ணி இந்த மலரைக் கிழித்துப் போடுவார்.

"இது எதுக்கும்மா எனக்கு?" என்றார் அண்ணன்.

"சும்மா தரல அண்ணே. ஒரு வருசம் தினமும் கட்டிப் பாத்துட்டு, ஆகுமா ஆகாதான்னு உள்ளதச் சொல்லணும். கடையில கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

வேலை என்று சொன்னால்தான் அவர் எதையும் வாங்குவார். அதை நான் அறிவேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசியில் அறிக்கை வந்தது. முதல் வாரம், கனம் அதிகம், கை வலிக்கிறது. இரண்டாம் வாரம், கனம் பழகிவிட்டது, ஆனால் ஸ்வெட்டர் கைக்குள் நுழைய மறுக்கிறது. கடிகாரம் செய்தவர்கள் குளிர் ஊரை நினைக்கவே இல்லை. கண்ணாடி பழைய பாணியில் மேடாக இருப்பதால் கதவு நிலையில் இடிக்கிறது, கீறல் மட்டும் விழவில்லை. மழை தொடங்கியதும் தோல் பட்டையில் பூஞ்சணம் பூத்தது. கூடலூர் பஜாரில் நைலான் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். பனியிலும் மழையிலும் உள்ளே ஒரு துளி நீர் கோக்கவில்லை, அதற்கு முழு மதிப்பெண். பஸ்ஸில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏதோ பிளாட்பாரத்துல வாங்குனதுன்னு நெனைக்கறாங்க, அதனால பயமில்லாமக் கட்டலாம்" என்றார். ஒருநாள் மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "பழசு வேணுங்கறவங்க பழசையே வாங்கலாம்ல? புதுச எதுக்கும்மா பழசாட்டம் செய்யறாங்க?" கடையில் ஆறு வருடம் நின்றவள் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அவருக்கு மிகவும் பிடித்தது கடிகாரத்தின் முகத்தைச் சுற்றியிருந்த திருகு வளையம். முக்குளிப்பவர் தண்ணீருக்குள் இறங்கும்போது அதைத் திருப்பி வைத்துக்கொண்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்தவுடன் தெரியும். அண்ணன் அதை இலை நொதிக்கத் தொடங்கும் நேரத்துக்குத் திருப்பி வைத்தார்.

அப்போது தேயிலை விலை படுத்துக் கிடந்தது. இலை கொடுக்கும் சிறு விவசாயிகள் பலர் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று செடியை வளரவிட்டுவிட்டார்கள். ஃபாக்டரி வாரத்தில் நான்கு நாள் ஓடினால் அதிகம். நொதிக்கும் அறையின் சுவர்க்கடிகாரம் ஈரத்தில் நின்றுபோனதை மாற்றக்கூட யாரும் முன்வரவில்லை. குன்னூர் ஏலத்தில் சுமாரான தூளை ஏலம் கேட்க ஆளே இல்லாத காலம். ஒரு சரக்கு திரும்பி வந்தாலும் ஃபாக்டரியை மூட வேண்டி வரலாம்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன், "இப்ப இலை நிறுக்கற எடத்துல நிக்கறேன். உள்ள வேக்காடு இல்ல, காத்து நல்லாருக்கு" என்றார். நெருக்கடியில் ஆளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கடிகாரம் எப்படி என்றேன். நன்றாக ஓடுகிறது என்றார். வருடக் கடைசியிலும் அதையே சொன்னார். இரண்டு வருடம் இலை நிறுத்தார், பிறகு ஃபாக்டரியே மூடிவிட்டது. அதன்பின் இதய நோய் கண்டு, கோயம்புத்தூரில் பதினோரு நாள் படுக்கையில் இருந்து மறைந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள், நொதிக்கும் அறையில் அண்ணனின் கீழ் வேலை பார்த்த சுப்பிரமணி அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன்.

"அத விடுங்க தங்கச்சி. போனவரப் பத்தி இப்ப எதுக்குங்க?"

"எனக்குத் தெரியணும் அண்ணே. வாட்சாலதான் வேலை போச்சா?"

அதன் பிறகுதான் சொன்னார்.

தூளைக் கையில் அளையும்போது மோதிரமும் கடிகாரமும் ஆகாது என்பது ஃபாக்டரி விதி. அண்ணன் விதியை மீறாதவர். சலிக்கும் அறைக்குப் போகும்போதெல்லாம் கடிகாரத்தைக் கழற்றி, ஈரம் படாத இடமாகப் பார்த்து, ஒரு இரும்புப் பெட்டியின் மேல் பத்திரமாக வைப்பார். அந்தப் பெட்டிக்குள் இருந்தது காந்தம், தூளில் கலந்திருக்கும் இரும்புத் துகளை இழுப்பதற்காக வைத்தது. சாவி கொடுக்கும் வகைக் கடிகாரத்தில் காந்தம் ஏறினால் உள்ளே இருக்கும் சுருள் ஒட்டிக்கொண்டு, நேரம் முந்தி ஓடும். மணிக்கு ஐந்தாறு நிமிடம் முந்தியது. காலையில் வானொலியைக் கேட்டுச் சரிசெய்துகொண்டு போவார். மாலையில் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம் என்று நினைத்துக்கொள்வார். கூடலூர்ப் பாதையில் அதற்காக யாரும் கடிகாரத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அதே சமயம் அவருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, சுப்பிரமணி அண்ணனுக்கே பிறகுதான் தெரிந்தது. வளையத்தைப் பார்த்தே "எடுங்க" என்றார். குளிரில் கூடுதலாக விட வேண்டிய இலை, குறைவாக நொதித்து உலர்த்தும் அடுப்புக்குப் போனது. நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள், பஸ்ஸை மேலும் திட்ட மனமில்லாமல், கூடலூரில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் காட்டினார். அவர் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார், முள் ஆடியது. கடிகாரத்தில் ஏறியிருந்த காந்தத்தை நீக்கிக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, அந்த நான்கு நாள் தூள் பச்சை வாடை அடிக்கிறது என்று குன்னூரிலிருந்து திரும்பி வந்தது.

"மொதலாளி என்னையக் கூப்புட்டு, நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டாருங்க. இலைய எடுத்தவன் நானுங்களே. உங்க அண்ணன் முன்னால வந்து, 'நான் சொல்லித்தானுங்க அவன் எடுத்தான். வாட்சப் பாத்துச் சொன்னேன், அது தப்பா ஓடிருச்சு. தப்பு என்னுது'ன்னாரு. 'டீமேக்கருக்கு மூக்கு எதுக்குங்க இருக்குது?'ன்னு கேட்டாரு மொதலாளி. மறுநாளே வெளிய, இலை நிறுக்கப் போட்டுட்டாங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க தங்கச்சி, என் வேலை நின்னுது."

"அண்ணன் என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதத்தானுங்க கேட்டேன். தங்கச்சிகிட்டச் சொல்லி, அதத் திருப்பிக் குடுத்துருங்கன்னேன். 'வேண்டாம்ப்பா. அவ அங்க நாள் பூரா நின்னுக்கிட்டு இதத்தான் விக்கறா. தெரிஞ்சா, அப்புறம் யாருகிட்டயும் தைரியமாக் கட்டுங்கன்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. அது அவ பொழப்பு'ன்னாருங்க."

ஆகவே பந்தலுக்குப் பின்னால் நான் கேட்டது உண்மை. நான் கொடுத்த கடிகாரம்தான் அண்ணனை நொதிக்கும் அறையிலிருந்து வெளியே நிறுத்தியது. எனக்கு அண்ணன்மேல் கோபமும் இருக்கிறது. என்னிடம் உள்ளதைச் சொல்லத்தானே அதைக் கொடுத்தேன்.

அண்ணனை மலை இறக்கிக் கோயம்புத்தூர் கொண்டுசேர்த்த ஜீப் ஓட்டுநருக்கும், பதினோரு நாளும் அண்ணியோடு மாறி மாறி மருத்துவமனையில் இருந்த பக்கத்து வீட்டாருக்கும், நான் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிவைத்த சொந்தங்களுக்கும், இன்று சமைத்துப் பரிமாறுகிற ஃபாக்டரிப் பழைய தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவரின் பேச்சை மீறி என்னிடம் சொன்ன சுப்பிரமணி அண்ணனுக்குத் தனியாக நன்றி.

துபாய் திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே, ஒரு பெரியவர் அதே மாதிரிக் கடிகாரத்தைக் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, தினமும் கட்டலாமா என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கேட்பவர்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிடுகிறேன்.