சாமி இலையில் வைத்த கேக்

என் மாமா பொய்யர். அந்தக் கேக்கைத் துரைசாணி அவரிடம் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவர் மலைமேலே வாழவந்தி நாட்டில் எங்கள் ஊருக்குப் பெரியவர். கோயில் முன்னால் உள்ள கல்லில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நியாயம் சொல்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு எட்டு வயது இருக்கும். ஊருக்கு மேலே ஒரு துரையின் காப்பித் தோட்டம். அவர் பெண்சாதியைத்தான் துரைசாணி என்போம். அம்மாவின் தம்பியான மாமாவுக்கு அங்கே பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. ஒருநாள் உச்சிப்பொழுதில் வாழை இலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்தார்.

"துரைசாணியம்மா உனக்குன்னு குடுத்தாங்க கண்ணு. இதும் பேரு கேக்கு. ஊட்டுல காட்டாத, உங்கம்மா பார்த்தா இலைதான் மிஞ்சும்."

வெள்ளையாகச் சர்க்கரை பூசிய வட்ட அப்பம். தொட்டால் சில்லென்று இருந்தது. அடியில் பச்சையாகப் பாசி. மேலே சுற்றிலும் ஆறு சின்னத் துளைகள். ஒன்றில் மெழுகு ஒட்டியிருந்தது. துளை எதற்கு என்று கேட்டேன்.

"மூச்சு வாங்கறதுக்கு" என்றார். நம்பினேன்.

தனியாகத் தின்ன மனசு வரவில்லை. ஓடைக்கு மேலே இருந்த பாறையில் விருந்து வைத்தேன். வந்தவர்கள் மூன்று பேர்: சடையன், அவன் தங்கை ராக்கி, பக்கத்து வீட்டுப் பொன்னாயி. பொன்னாயிக்கு ஆறு வயது. பலா இலைகளைப் போட்டு, கதிர் அறுக்கும் அரிவாளால் நானே கேக்கை வெட்டினேன்.

எங்கள் மலையில் சாமையோ தினையோ, புதிதாக வாயில் வைக்கும் எதுவானாலும் முதல் பங்கு சாமிக்கு. ஓர் இலையில் வைத்துக் காட்டுப் பக்கம் தள்ளிவிடுவோம். காக்கை எடுக்கலாம், எறும்பு எடுக்கலாம், மனுசர் தொடக்கூடாது. கேக்கும் எங்களுக்குப் புதுசுதானே. ஐந்தாவதாக ஓர் இலை போட்டேன்.

"சாமி இதையெல்லாம் தின்னுமா புள்ள?" என்றான் சடையன்.

"தின்னாட்டி எனக்கு" என்றாள் பொன்னாயி. சிரித்தோம்.

அப்போது மலை மேலிருந்து மஞ்சு மூடுபனியாய் இறங்கியது. தினமும் இறங்குவதுதான். ஆனால் அன்றைக்கு ஓடைச் சத்தமும் நின்றுபோனது போல இருந்தது. மஞ்சு விலகியபோது ஐந்தாவது இலைக்கு முன்னால் துரைசாணி உட்கார்ந்திருந்தாள். நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை. காலில் செருப்பில்லை. பாவாடை ஓரத்தில் ஈர மண். வையவில்லை, அடிக்கவில்லை. துண்டுகளில் இருந்த துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பிறகு சாமி இலையில் இருந்த துண்டை எடுத்துப் பொன்னாயிக்கு ஊட்டினாள். வாயைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். அவள் பாஷையில் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை பொன்னாயி "ம்" என்றாள்.

துரைசாணி எழுந்து மஞ்சுக்குள் போய்விட்டாள். அவள் போன பிறகும் பொன்னாயி மென்றுகொண்டே இருந்தாள். வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சில நாளில் பொன்னாயிக்குக் காய்ச்சல் கண்டது. சாமி பங்கை யாரோ தொட்டதால்தான் என்று கோயில் முன்னால் ஊர் கூடியது. பூசாரி என்னைக் கூப்பிட்டார்.

"சாமி பங்க யாரு தின்னது? பயப்படாமச் சொல்லு கண்ணு."

"பொன்னாயிங்க. துரைசாணி ஊட்டி உட்டாங்க."

"துரைசாணிக்கு வேற வேலை இல்லியா?" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. "தின்னாட்டி எனக்குன்னு அவளே சொன்னாளுங்க" என்றான் சடையன். மாமாவைக் கேட்டார்கள். "துரைசாணியம்மா கையால குடுத்ததுங்க. வேறொண்ணும் எனக்குத் தெரியாதுங்க" என்றார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

சாமி பங்கைத் தின்ற வீடு ஊரில் இருக்கக் கூடாது என்று முடிவானது. மறுநாள் காலையில் பொன்னாயியைக் கம்பளியில் சுற்றி அவள் அப்பன் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கும் சோளக்காட்டுப் பாதையில் நடந்தான். அவன் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி, பங்களா இருந்த பக்கம் பார்த்து அவள் "ம்" என்றாள். யாரும் கூப்பிடவில்லை.

பெரியவளானதும் அதே தோட்டத்தில் பழம் பறிக்கப் போனேன். பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்லறை இருந்தது. துரைசாணியின் மகள் என்றார் பழைய சமையல்காரர். ஆறு வயதில் போய்விட்டதாம். பிறந்தநாள்தோறும் கேக் சுட்டு, அந்த வயதுக்கு ஆறு மெழுகுத்திரி ஏற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு வருவாளாம் தாய். "ஒரு வருசம் மறுநாளே அதைக் காணோம். எடுத்தது உங்க மாமன்தான், என் கண்ணால பார்த்தேன்" என்றார்.

செத்தவருக்குப் படைத்ததைச் சாமிக்கு வைக்க முடியாது. அப்படியானால் அந்த இலையில் சாமி பங்கே இல்லை. பொன்னாயி ஒரு குற்றமும் செய்யவில்லை. துரைசாணி துளைகளை எண்ணிப் பார்க்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். அவள் எதைத் தேடினாள் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரியும்.

போன மாதம் பொன்னாயி தம்பியின் மகன் வந்தான். பொன்னாயி அடிவாரம் போய்ச் சேரவே இல்லையாம், வழியிலேயே உயிர் போய்விட்டதாம். கோயிலில் ஒரு பொங்கல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். சாமி பங்கைத் தின்ற வம்சம் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியவர் மாமா.

மாமா, வருகிற கோயில் நோம்பிக்கு ஊரே கூடும். பூசாரி கேட்டபோது பொன்னாயி பெயரைச் சொன்னவள் நான்தான் என்று நானும் அங்கே சொல்வேன். நீங்கள் அந்தக் கல்லை விட்டு இறங்கி நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்தக் கேக்கை எங்கிருந்து எடுத்தீர்கள்?