ஒத்திகையில் மயங்கி விழுகிறவர்

நெற்றியில் சிவப்பு மை நனைத்த பஞ்சு. சிமென்ட் தரையில் காலை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்திருந்தார், நாங்கள் சீனியர் அண்ணன் என்று கூப்பிட்டவர். கும்மிடிப்பூண்டியில் இறால் உறைய வைக்கும் கம்பெனியில் ஒப்பந்த ஆளாக நான் சேர்ந்த முதல் வாரம் அது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எதைக் கண்டாலும் பயம். ஆள் போய்விட்டார் என்றே நினைத்து ஓடிப்போய்க் குனிந்தேன். கண்ணைத் திறக்காமலே, "மூச்சு வருது, போடா. டீ வர்ற நேரம்" என்றார்.

பிறகுதான் விளங்கியது. விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று தொழிற்சாலைகள் அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும். அது அரசாங்க விதி. எங்கள் கம்பெனியில் அன்று காலையிலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுவார்கள். சைரன் ஊதும். சிரித்துப் பேசிக்கொண்டே கேட் அருகில் போய் நிற்போம். மயங்கி விழுகிறவர் எப்போதும் அவர்தான். ஒல்லியான உடம்பு, ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்குக் கை வலிக்காது. போட்டோ எடுத்து முடித்ததும் எழுந்து வடை தின்பார். "படுத்துக்கினே சம்பளம் வாங்குறவன் இந்த ஏரியாவுலயே நான் ஒருத்தன்தான்" என்பார். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். "வந்துட்டாருடா டாக்டரு" என்று கிண்டலடிப்பார்கள். பயம் என்பது பழகினால் போகிற சங்கதி இல்லை, என்ன செய்ய.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தோம். குளிரூட்டும் அமோனியா ஓடுகிற குழாயில், உள்ளே ஓர் இணைப்பு விட்டுவிட்டது. சைரன் ஊதவில்லை. காற்று அந்தப் பக்கம் அடித்ததால் எங்களுக்கு நெடியும் வரவில்லை. மெஷின் ரூமிலிருந்து தள்ளாடி வந்த அண்ணன், ஒத்திகைகளில் விழுகிற அதே இடத்தில் விழுந்தார்.

"இன்னாண்ணா, இன்னிக்கு டிரில்லா? சொல்லவே இல்ல."

"மேக்கப் போடாமயே படுத்துட்டாரு பார்றா."

"வடை இன்னும் வர்லண்ணா, எந்திரி."

நான் போய்க் குனிந்தேன். அவர் சட்டையிலிருந்து எழுந்த நெடி கண்ணைக் குத்தியது. வாயில் நுரை. "நெசம்டா, நெசமா வுழுந்துட்டாரு" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். நான் எப்போதும் இப்படித்தான் கத்துகிறவன். காற்று திரும்பி நெடி அவர்கள் மூக்கில் ஏறியபோதுதான் சிரிப்பு நின்றது. ஸ்ட்ரெச்சர் பூட்டிய அறைக்குள் இருந்தது. ஒத்திகை நாளில்தான் அது வெளியே வரும். தார்ப்பாயில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பிவிட்டார். நெஞ்சு மட்டும் பழையபடி ஆகவில்லை.

இப்போது விதிகள் இறுகிவிட்டன என்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒத்திகை நடக்கிறது. அதிகாரிகள் வந்து நின்று பார்க்கிறார்கள். ஒப்பந்த ஆட்களுக்கும் பயிற்சி உண்டு. நல்லதுதான். யாரும் சிரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சைரனுக்கும், இது எந்தச் சைரன் என்று தெரியாமல் ஓடி ஓடி எனக்கு அலுத்துப் போயிற்று. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்து நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இப்ப யார்ரா வுழுறது?" என்று கேட்டார்.

"யாரும் ஒத்துக்கலண்ணா. பொம்மை வாங்கிக்கினு வந்துருக்காங்க."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அந்தப் பொம்மையாவது நிம்மதியா படுத்துக்கட்டும். என்னால முடியலடா. படுத்தா மூச்சு முட்டுது. ராத்திரி பூரா ஒக்காந்துக்கினே தூங்குறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, தூக்கத்தில் சாய்ந்து விழாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை செருகிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார்.