கைய விடுடா

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இதையே இன்னொருவர் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வலியசாலையில் எங்கள் தெருவில் ராகு காலம் பார்க்காமல் வெளியே கிளம்புகிற ஒரே பெண் நான்தான். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். பதினோரு வருஷம் ஒரு சின்ன விமானப் பயிற்சிக் கழகத்தில் ரேடியோ அறையில் உட்கார்ந்தவள். மேலே பறக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டு நேரத்தோடு எழுதி வைப்பது என் வேலை. காதில் விழாததை ஒருநாளும் எழுதியதில்லை.

அன்று காலை ஏழு மணி, நல்ல வெயில். ரேடியோவைப் போட்டுவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஸ்பீக்கரில் எங்கள் விமானி கேப்டன் ஹரியின் குரல்.

"கைய விடுடா... கைய விடுடா..."

மூச்சு வாங்க, அழுகிற மாதிரி. பின்னால் எஞ்சின் அலறுகிறது. பிறகு பட்டென்று நின்றுவிட்டது. மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் இரண்டு சீட் விமானம் கொட்டகையில்தான் நிற்கிறது, மெக்கானிக் முருகேசன் அதன் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கேப்டன் இன்னும் வந்தே சேரவில்லை.

அரை மணி கழித்து அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஸ்ரீவராகத்துக்காரர், எதையும் சிரித்தே தள்ளிவிடுகிற மனிதர். ஒரு சாகசக் காட்சிக்காக ஒரு மாதமாகத் தனியாகப் போய், விமானத்தைச் செங்குத்தாக ஏற்றித் தலைகீழாகப் புரட்டிப் பழகிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"இன்னிக்குப் பறக்க வேண்டாம் சார். உங்க குரல்தான், சத்தியமா."

"என்ன லலிதா, காலங்கார்த்தால என்னைப் பேயாக்கிட்டியா? நான் தனியாத்தானே போறேன், யாரைக் கையை விடச் சொல்லுவேன்?"

முருகேசனும் சிரித்தான். "பேட்டரி என் கைலல்லோ இருந்துச்சு சேச்சி, பின்னெ எப்படிக் கேக்கும்?"

முருகேசன் வித்துராவுக்கு மேலே மலையில், எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆறு வருஷமாக அந்த விமானத்தைத் துடைத்துக் கொடுத்தவன், ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. கேப்டன் அவன் முதுகில் தட்டினார்.

"நீயும் வாடா. என்னோட எவன் மல்லுக்கட்டறான்னு பார்த்து லலிதாகிட்ட வந்து சொல்லு."

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சின்னக் குழந்தை மாதிரி ஓடினான். இன்னொரு தடவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேலி செய்வார்களே என்ற வெட்கம், வேறொன்றும் இல்லை.

எட்டரைக்குக் கிளம்பிக் கடலுக்கு மேலே போனார்கள். முதல் சுற்று நன்றாகவே முடிந்தது. இரண்டாவதில் தலைகீழாக வரும்போது ரேடியோ தானாகத் திறந்துகொண்டது. பேசுகிற பொத்தான் விமானத்தைத் திருப்புகிற பிடியிலேயே இருக்கும். பயத்தில் முருகேசன் தன் பக்கத்துப் பிடியை இறுக்கியதில் அது அமுங்கியிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

"கைய விடுடா... கைய விடுடா..."

அதே மூச்சு, அதே அலறல். எந்த நொடியில் நிற்கும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நொடியில்தான் நின்றது.

விமானம் கடலில் பாய்ந்தபோது கடற்கரையில் இருந்தவர்கள் அதுவும் சாகசம் என்று நினைத்துக் கைதட்டினார்களாம். மீன்பிடிப் படகுக்காரர்கள்தான் இரண்டு பேரையும் எடுத்தார்கள். முருகேசனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனை வெளியே இழுக்க முடிந்தது என்று அவர்களில் ஒருவர் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணையில் எட்டரைக்குப் பிறகு கேட்டதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஏழு மணிக்குக் கேட்டதை எழுதவில்லை. எழுதினால் பைத்தியம் என்பார்கள், அதைவிட, நான் பேசப் போய்த்தான் முருகேசன் ஏறினான் என்பது வெளியே வரும்.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு வித்துராவுக்குப் போனேன், அவன் மனைவி செல்வியிடம் உண்மையைச் சொல்லி அழுதுவிடலாம் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"சேச்சி, அவரு அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு புதுச் சட்டை போட்டாரு. எதுக்குன்னு கேட்டேன். 'இன்னைக்கு லலிதா சேச்சி என்னைய பிளேன்ல ஏத்தி விடும்'னாரு. சேச்சி அவருக்கு வாக்கு கொடுத்திருந்ததோ?"

அவன் வீட்டிலிருந்து பைக்கை எடுத்தது ஐந்தரைக்கு. நான் ரேடியோவைப் போட்டது ஏழு மணிக்கு. விமானத்தில் ஏறுவது பற்றி நானும் அவனும் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன். போன வாரமும் செல்வி போனில் அதையேதான் கேட்டாள். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அவனிடம் சொன்னது யார்?