நூற்று நாற்பது அரங்கேற்றம் பாடியவர்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், டூங்காபியிலோ வெண்ட்வொர்த்வில்லிலோ, ஆடக் கற்ற பெண் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் ஆவுடையப்பனைத் தெரியும். அரங்கேற்ற வீடியோவைப் போட்டால் மேடை ஓரத்தில் சந்தன நிற ஜிப்பாவோடு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். தென்காசியிலிருந்து தோசை மாஸ்டராக வந்து இறங்கி, அடுப்படியில் நின்றபடியே ஆங்கிலம் பிடித்து, பரீட்சை எழுதி பஸ் ஓட்டுநர் ஆனார். ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை.

பாட்டும் அப்படித்தான். பாதி, ஊர்க் கோயில் ஓதுவாரிடம் காதால் பிடித்தது. மீதி, காலி பஸ்ஸை டெப்போவுக்குத் திருப்பிக்கொண்டு போகையில் தொண்டை திறந்து பழகியது. பட்டயம் கிடையாது. பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் மேல் ஸ்தாயியில் தடுமாறியபோது இவர் குரல் கம்பியாக நின்றிருக்கிறது. இது பொய்யில்லை, கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இருபத்து மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது அரங்கேற்றம். நடன ஆசிரியை ரத்னமாலா வேறு ஒருவரைக் கூப்பிட்டதே இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வாயில் புகழ்ச்சி லேசில் வராது. ஆனால் இதை மட்டும் எல்லாத் தாய்மாரிடமும் சொல்லுவார்:

"ஆவுடையண்ணை இருந்தா எனக்குப் பயமில்லை. பிள்ளை மறந்துபோய் நிண்டாலும் அவர் அந்த வரியை விடமாட்டார்."

உண்மைதான். ஆடுகிறவள் அபிநயம் முடித்துக் கழுத்தைத் திருப்புவாள். அதுவரை பத்துத் தடவையானாலும் அதே வரியை அதே கனத்தில் பிடித்து நிற்பார். அந்தக் கழுத்து திரும்பினால்தான் அடுத்த வரி.

ஆனால் தனிக் கச்சேரி என்று ஒன்றை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. விழாக்களின் சாயங்கால நேரம் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு. அவருக்குக் காலையில் பத்து நிமிஷம், கடவுள் வாழ்த்து.

அறுபத்து மூன்றாவது வயதில் ஆவுடையப்பன் தானே ஒரு மண்டபம் பிடித்தார். இரண்டரை மணி நேரக் கச்சேரி. நோட்டீசில் ஒரே பேர்.

"எதுக்கு இப்பம் இந்த வீம்பு?" என்றாள் மனைவி உலகம்மை. "ஓரத்துல உக்காந்தே பழகிட்டிய. நடுவுல உக்காந்தா கூச்சமா இருக்காதா?"

"ஏட்டி, ஒரு தடவையாவது யார் காலையும் பாக்காம பாடணும்."

மேல் பஞ்சமம், அந்த உச்ச ஸ்வரம், இப்போதெல்லாம் தேடினால்தான் கிடைக்கிறது என்பதை அவளிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. அது அவர் தொண்டைக்குத்தான் தெரியும்.

ஞாயிறு நான்கு மணிக்குக் கச்சேரி. எண்பது பேர் வந்தார்கள், பெரும்பாலும் ஆடி முடித்த பெண்களின் தாய்மார். விரிப்பை மேடையின் பின்பக்கமாகப் போடச் சொன்னவர் ஆவுடையப்பன்தான். முன்பாதி வெறும் பலகையாகக் கிடந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கே அது வித்தியாசமாகப் படவில்லை.

முதல் இரண்டு பாட்டும் கனகச்சிதம். மிருதங்கம் வாசித்த கேதீஸ் அவரோடு எல்லா அரங்கேற்றத்துக்கும் வாசித்தவர். தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தார். மூன்றாவது, காம்போதி ராகத்தில் ஆவுடையப்பன் தானே கட்டிய பாட்டு. 'வாசலில் நின்றவனை யாரென்று கேளடி' என்று எடுத்தார். கச்சேரியில் அந்த வரி ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏறி வேறு வேறாக விரியவேண்டும். நாலைந்து தடவையில் அடுத்த வரிக்குப் போய்விடவேண்டும்.

அவர் போகவில்லை. ஏறவும் இல்லை. ஆறாவது தடவை பாடினார். ஒன்பதாவது தடவையும் அதே கனம், அதே நிறுத்தம். ஏதோ பெரிதாகச் செய்யப்போகிறார் என்று கேதீஸ் பொறுத்து வாசித்தார். பிறகு குனிந்தார்.

"அண்ணை, அடுத்த வரி."

ஆவுடையப்பன் காதில் விழவில்லை. கண் முன்பாதிப் பலகையில் இருந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. கழுத்து இன்னும் திரும்பவில்லை.

"அண்ணை," கேதீஸ் குரல் தாழ்த்திச் சொன்னார், "அங்க ஒருத்தரும் இல்லை."

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். அடுத்த வரியை எடுத்தார், ஆனால் அதற்குப்பிறகு எதுவும் சேரவில்லை. ஸ்வரம் பாடப் போனவர் இரண்டே சுற்றில் திரும்பி வந்துவிட்டார். எங்கே போவது என்று காட்ட ஆள் இல்லாமல் கை தொடையில் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக் கச்சேரி ஒன்றேகால் மணியில் மங்களத்துக்கு வந்தது.

சனம் கை தட்டியது. அதுதான் கொடுமை. ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கே வந்தாள்.

"அந்தக் காம்போதியில என் மகள் ஆடினதே கண்ணு முன்னால வந்துச்சு அண்ணா. அவதான் ஆடுறாள்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்," என்றார் ஆவுடையப்பன்.

கார் நிறுத்தும் இடத்தில் கேதீஸ் மிருதங்கத்தை ஏற்றியபடி, "நல்ல காலம் அண்ணை, இன்னும் ரெண்டு தரம் பாடியிருந்தா நானே சலங்கையைக் கட்டிக்கொண்டு எழும்பியிருப்பன்," என்றார். ஆவுடையப்பன் சிரித்தார். வண்டியில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. வீடு வரும்வரை உலகம்மை ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவள் ஏதாவது குத்திச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கள்கிழமை பஸ் எடுத்தார். டெப்போவுக்குத் திரும்பும்போது பாடவில்லை. நன்றாக நடக்கும் என்ற தைரியத்தில் அடுத்த வருஷத்துக்கும் அதே மண்டபத்துக்குப் பேர் கொடுத்து வைத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் மண்டபத்துக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டார்கள். ஆள் இல்லை என்றார்.

சனிக்கிழமை ரத்னமாலா வீட்டில் ஒத்திகை. நூற்று நாற்பத்தொன்றாவது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண். பாதி வர்ணத்தில் மறந்துபோய்க் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். ஆவுடையப்பன் வரியைப் பிடித்துக்கொண்டார்.

ரத்னமாலா சுவரோரம் இருந்த தாய்மார் பக்கம் திரும்பினார். "பாத்தனீங்களே, விடமாட்டார்."

ஆறாவது சுற்றில் மேல் பஞ்சமம் வரவில்லை. ஆவுடையப்பன் அதைக் கீழே இறக்கிப் பாடினார். ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும்தான்.