ஏற்றத்துக்கு முன் ஒரு பாட்டு

ஜலால் அண்ணன் இரண்டு டேப் ரெக்கார்டர்களோடு எங்கள் வலைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது ஏரியில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. பெரியதைப் போர்வையில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்தார். சிறியது கழுத்தில் தொங்கியது.

“லேட்டு பண்ணிட்டியே ஜலாலு,” என்றார் ஆதி மாமா.

“பெட்டி கட்ட வேணாவாடா? மத்தியான பஸ்ஸுக்கு நான் போவணும். வூட்ல உம்மா அழுதுனு கீது. நான் இன்னான்னா உன் பாட்டு புடிக்க வந்துகிறேன்.”

என் நைனா மாசிலாமணி படகடியிலிருந்து எழுந்து வந்தார். ரெக்கார்டர்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்.

“மச்சான், வத்தம் நிக்கறதுக்குள்ள முடிச்சிக்க. ஏத்தம் வந்திச்சின்னா நான் படகத் தள்ளிடுவேன். நீ ஏறுனாலும் சரி, ஏறாட்டியும் சரி.”

எண்பத்து நான்காம் வருஷம் மாசி மாதம் அது. நான் பொன்னேரிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று விடுமுறை. கொட்டகை வாசலில் அம்மா உலர்த்தியிருந்த மீனிலிருந்து காக்கை விரட்டுவது என் வேலை. காக்கை கத்தினால் அதுவும் டேப்பில் ஏறிவிடும் என்பதால், மாமாவுக்கும் அந்த வேலை தேவைப்பட்டது.

நைனா ஏன் தண்ணீரையே பார்த்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி கடலோடு சேர்ந்தது; கடலோடு கூடவே தண்ணீர் இறங்குவது வற்றம், திரும்ப ஏறுவது ஏற்றம். கோட்டைக்குப்பத்தில் ஏரியின் நல்ல இடங்கள் தனியாக யாருக்கும் சொந்தமில்லை. படகுகள் முறை வைத்து இறங்கும். முறை உள்ள படகு, ஏற்றம் தொடங்கும்போது அந்த இடத்தில் கோல் ஊன்றி நிற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைக்காரர் ஊன்றிக்கொள்வார். அவரைக் கேட்க முடியாது. தை மாதம் எங்கள் படகு ஒரு முறையைத் தவறவிட்டிருந்தது. காரணம் ஆதி மாமா. இன்னொரு தரம் தவறினால் பருவம் முழுக்க முறை கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். நான்கு வீட்டு அடுப்பு அந்தப் படகை நம்பி எரிகிறது. அன்றைக்கு எங்கள் முறை.

ஆதிநாராயணன் என் அம்மாவின் தம்பி. எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போனவர். மண்ணடியில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்கும் வேலை. அங்கே ஒரு அறையில் ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டு ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும், ஒருவன் தொண்டை கிழியப் பாடும் பாட்டு. மூர் மார்க்கெட்டில் பழைய கிட்டார் ஒன்றை வாங்கினார். தன் அப்பா இறந்ததும் படகில் அவருடைய இடத்தை எடுத்துக்கொள்ள ஊர் திரும்பினார். கிட்டாரும் வந்தது. அறுந்த தந்திக்குப் பதிலாக வலை பின்னும் தங்கூசி நரம்பை மாட்டிக்கொண்டார்.

பாட்டை அவர் கற்றது சிலோன் ரேடியோவில்தான். எப்போது வரும் என்று தெரியாது. வரும்போதெல்லாம் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கிட்டார் ஆரம்பம், அடுத்த மழைக்காலத்தில் இரண்டாம் சரணம். இப்படிப் பல வருஷம். முழுப் பாட்டும் அவர் தலைக்குள் சேர்ந்து முடிந்தபோது ரேடியோவில் அது வருவது நின்றுவிட்டது. தை மாதம் ஒருநாள், அடுத்து அந்தப் பாட்டு என்று அறிவித்தார்கள். படகுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். வேறு ஏதோ பாட்டைப் போட்டார்கள். பாட்டும் வரவில்லை, முறையும் போனது.

“தலைக்குள்ளயே கேட்டுக் கேட்டுப் பேஜாரா பூட்ச்சி பாப்பா,” என்று அதன் பிறகு என்னிடம் சொன்னார். “ஒரே ஒரு தபா வெளிய கேக்கணும். அவ்ளோதான்.”

எனக்கு அது புரிந்தது என்று சொன்னால் பொய். ஆங்கிலத்தை நான் பரீட்சைக்குப் படித்தேன். அதில் பாஸானேன், பிறகு பட்டமும் வாங்கினேன். எங்கள் வீட்டில் அதுவே முதல் பட்டம். அந்த மொழியில் எதையாவது இப்படி விரும்பியிருக்கிறேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டில் நான்கு பேர் வேலை இருந்தது. இருந்ததோ மாமாவும் அவர் கூட்டாளி ஜலால் அண்ணனும்தான். ஜலால் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். முதலில் தாளத்தை மட்டும் ஒரு கேசட்டில் பதிய வேண்டும். அதைப் பெரிய ரெக்கார்டரில் சத்தமாக ஓடவிட்டு, கூடவே கிட்டார் வாசித்து, இரண்டையும் சிறியதில் பதிய வேண்டும். பிறகு அந்தக் கேசட்டைப் பெரியதில் போட்டு அடுத்ததைச் சேர்க்க வேண்டும். ஒருவரே இருவராகலாம். ஆனால் ஒருமுறை ஏறிய தப்பு பின்னால் வரும் எல்லாவற்றிலும் இருக்கும், பிரித்தெடுக்க முடியாது. பெரியது ஜலால் அண்ணனின் பெரியப்பா காஜா மைதீன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. சிறியது அண்ணனுடையது. அன்று மத்தியானம் அது அவரோடு துபாய்க்குப் போகிறது.

தாளத்துக்கு எங்கள் படகு. மீனைச் சுத்து வலைக்குள் விரட்ட, படகின் உட்பலகையைக் கட்டையால் அடிப்போம். ஏரி அதிரும். அந்தச் சத்தம்தான் டிரம்ஸுக்குப் பொருந்தும் என்பது மாமாவின் முடிவு. ஊரில் நைனாவைப் போல அடிக்க ஆள் கிடையாது.

கரையேற்றிய படகுக்குள் நைனா கட்டையோடு உட்கார்ந்தார். “இன்னா மச்சான், மீனே இல்லாம சும்மா அடிக்கச் சொல்ற? கை வர மாட்டுது.”

“மீன் இருக்குதுன்னு நெனச்சிக்க மாமா.”

ஜலால் அண்ணன் பொத்தானை அழுத்தினார். ஆதி மாமா எதிரில் நின்று, பாட்டை மனசுக்குள் ஓட்டியபடி தலையாட்டினார். நைனா அடித்தார். நெஞ்சுக்குள் விழுந்தது அடி. முடித்துவிட்டுக் கட்டையைக் கீழே போட்டார். மாமா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

கிட்டார் சேர்க்கும்போதுதான் தெரிந்தது. முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் மாமாவின் விரல்கள் அவசரப்பட்டன. மூன்றாவதில் துரத்த முடியாமல் நிறுத்திவிட்டார்.

“மாமா, போவப் போவ வேகமா அடிச்சிகிற!”

“அடிக்காம? வல மூடச்சொல்ல மெதுவா அடிச்சா மீன் ஓடிப் பூடாது?”

“இது பாட்டு மாமா!”

“நீதானடா மீன் இருக்குதுன்ன!”

ஜலால் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. தப்பு அவருடையதும்தான். எதிரில் தலையாட்டியவர் அவர். அவரும் அதே படகில் வளர்ந்தவர். கட்டை வேகமானபோது அவர் தலையும் கூடவே வேகமாகியிருந்தது, அது அவருக்குத் தெரியவே இல்லை. இன்னொன்றும் இருந்தது. நைனாவின் மனசில் வலை மூடியதும் அடி நின்றுவிட்டது, கூடவே மாமாவின் தலையாட்டலும். பாட்டுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி.

“தாளத்த திருப்பி எடுக்கலாமா?” என்றார் மாமா.

நைனா நீர்க்கரையைப் பார்த்தார். நண்டு வளைகள் தெரிந்த சேறு வரை இறங்கியிருந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. “வத்தம் நின்னு போச்சி. அதத் திருப்பி எடுத்தா உன் தொண்டைக்கு நேரம் இருக்காது. நீயே பாத்துக்க.”

மாமா கிட்டாரை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இருக்கட்டும். தொரத்திப் புடிக்கறேன். கடசி சரணத்த தாளம் இல்லாம தனியாப் பாடிக்கறேன். சுத்துடா டேப்ப.”

இந்தத் தடவை பிடித்தார். முடிந்தபோது தங்கூசி பட்டு விரல் நுனி கிழிந்திருந்தது. அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே கேசட்டை மாற்றினார்.

அடுத்தது ஜலால் அண்ணனின் புல்புல் தாரா. மூலப் பாட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் அலறும் இடத்தை அவர் அதில் வாசிக்கப் பழகியிருந்தார். பாதியில் பெரிய ரெக்கார்டரின் குரல் இழுத்தது. பேட்டரிக் கட்டை சோர்ந்துவிட்டது. வெயிலில் சூடாக வைத்திருந்த மாற்றுக் கட்டைகளைச் சேலை முந்தானையில் அள்ளிக்கொண்டு என் அம்மா இருசம்மாள் ஓடிவந்தாள். மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு காக்கை இறங்கி மீனைக் கவ்வியது.

“அய்யோ, தூக்கினு போறான் பாரு! பாழாப் போறவனே!” என்று அம்மா கத்திய கத்து புல்புல் தாராவை விட மேலே கேட்டது.

எல்லோரும் அப்படியே நின்றோம். ஜலால் அண்ணன் வாசிப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகுதான் மூச்சு விட்டார். “போவட்டும் ஆதி. உங்க அக்காவும் பாடிகீறாங்க. திருப்பி வாசிக்க நேரமில்ல.”

கடைசியாகக் குரல். அதற்குள் நைனாவும் மற்றவர்களும் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். தெற்கே ஒரு படகுப் பாய் தெரிந்தது. அடுத்த முறைக்காரர் மாணிக்கத்தின் படகு. அவருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. நாங்கள் தவறுகிறோமா என்று பார்க்கத்தான் வருகிறார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஆங்கிலம் என்று சொல்ல முடியாது, ரேடியோவிலிருந்து காதில் விழுந்தது விழுந்தபடி. தாளம் வேகமெடுத்தபோது குரலும் கூடவே ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. விரட்டப்படுகிறவன் குரல் அது. எனக்குப் பயமாக இருந்தது. காக்கை விரட்டும் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தாளம் நின்றது. கிட்டாரும் நின்றது. இரைச்சல் மட்டும். இனி அவர் தனியாகப் பாட வேண்டிய சரணம். மூச்சை உள்ளே இழுத்தார்.

“ஆதீ! ஏத்தம்டா!” என்று தண்ணீரிலிருந்து நைனாவின் குரல்.

மாமா கண்ணைத் திறந்தார். ஜலால் அண்ணனின் விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. மாணிக்கத்தின் பாய் பெரிதாகியிருந்தது. படகு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விட்டது. இழுத்த மூச்சு அப்படியே இருக்க, மாமா என்னைப் பார்த்தார், ரெக்கார்டரைப் பார்த்தார்.

“போடா, போ,” என்றார் ஜலால் அண்ணன்.

மாமா ஓடினார்.

அதன் பிறகு நடந்தது நைனா சொல்லித்தான் தெரியும். மாணிக்கத்துக்குக் காற்று இருந்தது, எங்களுக்குக் கோல்தான். மாமா கோலைப் போட்டு ஊன்றித் தள்ளிய வேகத்தில் இரண்டு தரம் தண்ணீரில் விழப் பார்த்தாராம். எங்கள் கோல் சேற்றில் இறங்கியபோது மாணிக்கத்தின் ஆள் கோலைக் கையில் தூக்கியிருந்தான்.

“இன்னா மாசிலாமணி, ஒன் மச்சான் கச்சேரிக்குப் போய்ட்டான்னு சொன்னாங்களே?” என்றாராம் மாணிக்கம்.

“கச்சேரி முடிஞ்சிச்சி. நீ வூட்டுக்குப் போ.”

அவர் போகவில்லை. சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். வலையைச் சுற்றினார்கள். நைனா பலகையை அடித்தார். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, வலை மூடியதும் நிறுத்தினார். அந்த அமைதியில், வலையை இழுத்துக்கொண்டே மாமா கடைசிச் சரணத்தைப் பாட ஆரம்பித்தாராம்.

“மீனுக்கு இங்கிலீஷ் தெரியுமாடா ஆதி?” என்று மாணிக்கம் கூவினார். சரணம் முடியும்வரை மாமா திரும்பிப் பார்க்கவில்லை.

முடித்துவிட்டுச் சொன்னாராம்: “இதுங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் பொன்னேரி காலேஜுக்குப் பூட்ச்சி.”

இதைச் சொல்லும்போதெல்லாம் நைனா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஜலால் அண்ணன் புறப்படுமுன் கேசட்டை என்னிடம் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. பருவம் முடிந்து, படகைக் கவிழ்த்துப் போட்ட பிறகுதான் மாமாவும் நானும் பழவேற்காட்டுக்கு, காஜா மைதீன் பெரியவர் வீட்டுக்குப் போனோம். மாமா சலவைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

தாளம் அக்கரையிலிருந்து வருவதுபோல் கேட்டது. அதற்கு முன்னால் கிட்டார், புல்புல் தாரா, காக்கையைத் திட்டும் அம்மா, எல்லாவற்றுக்கும் மேலே மாமாவின் குரல். முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடியது பாட்டு. தாளம் நின்ற இடத்தில் இரைச்சல். பிறகு நைனாவின் கூப்பாடு. “போடா, போ.” மணலில் ஓடும் சத்தம். ஜலால் அண்ணன் பொத்தானை அழுத்த மறந்திருந்தார். கேசட் தீரும்வரை வெறும் காற்று ஓடியது.

மாமாவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. “இன்னொரு தபா போடலாமா பாய்?” என்று கேட்டார்.

இரண்டாம் தடவை அந்த இடம் வந்தபோது மூச்சை இழுத்தார். ஆனால் பாடவில்லை.

காஜா மைதீன் பெரியவர் காதை ரெக்கார்டரிடம் கொண்டுபோனார். “இன்னாப்பா, நல்லாத்தானே போச்சி. கடசில ஒண்ணும் இல்லியே?”

“அது ஏரில கீது பாய்,” என்றார் மாமா.