வெள்ளைக்காரம்மா சொன்ன ‘வேணாங்க’

தொண்ணூற்றொன்றில் வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் என் நாத்தனாரோடு சேர்ந்து பூ விற்றுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த புதிது. கிருத்திகையன்று கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் பஸ்ஸிலிருந்து யாராவது இறங்கினால் போதும், பூக்காரிகள் எல்லோரும் எழுந்து ஓடுவோம்.

அப்படி ஒரு வெறும் நாளில்தான் அந்த வெள்ளைக்காரம்மா வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். பருத்திச் சுடிதார், தோளில் துணிப்பை, துணைக்கு யாருமில்லை. சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குப் பூவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினோம். அவர் முகம் சுளிக்கவில்லை, நடையையும் நிறுத்தவில்லை. ஒவ்வொருத்தியையும் பார்த்துக் கைகூப்பி, “வேணாங்க” என்றார். தமிழில் கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படித் துரத்துவது? திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டோம்.

ஒருவர் மட்டும் விடவில்லை. எங்கள் தெருக்காரர், என் கணவருக்கு அண்ணன் முறை. “மேடம், வெரி ஓல்ட் டெம்பிள் மேடம். மை ஹவுஸ் கம் மேடம்” என்று பேசிக்கொண்டே கூட நடந்தார். அவருக்கும் அதே கைகூப்பல், அதே “வேணாங்க”. அந்தம்மா சாமி பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் அவர் ஒட்டிக்கொண்டே வந்தார். தான் தூக்கி வருவதாகச் சொல்லிப் பையின் பட்டையைப் பிடித்தார்.

அந்தம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக நாங்கள் உட்கார்ந்து பூ விற்கும் பலகைக்கு வந்து, உட்காரலாமா என்று சைகையில் கேட்டார். நான் பூக்கூடையை நகர்த்தி இடம் கொடுத்தேன். அருகில் பார்த்தபோதுதான் அவர் கை நடுங்குவது தெரிந்தது. பிறந்த ஊரான குன்றத்தூரில் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒருத்தன் சைக்கிளில் பின்னாலேயே வருவான். அந்த நடுக்கம் எனக்குத் தெரியும்.

“மாமா, அவங்கதான் வேணாம்ன்றாங்களே. வுட்டுடுங்க” என்றேன்.

“நான் இன்னா பண்ணிட்டேன்? பேசிக்கினுதான வரேன்?”

புதுப்பெண் வாய் பேசுகிறாளே என்று நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள்.

அந்தம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. எதிரே இருந்த புளியமரத்தைக் காட்டி, “அண்ணா, நீங்க அங்க. நான் இங்க” என்றார். நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தார். அண்ணா என்று கூப்பிட்ட பிறகு மாமாவால் என்ன செய்ய முடியும்? தலையைச் சொறிந்துகொண்டு மரத்தடிக்குப் போனார். முகம் தொங்கிவிட்டது.

அங்கிருந்தே என்னிடம் சொன்னார்: “திங்கக்கெழம அம்பத்தூர்ல கம்பெனி இன்டர்வியூ. இங்கிலீஷ்ல கேப்பாங்களாம். நம்ம ஊர்ல யார்கிட்ட பேசிப் பாக்கறது? அதான்.”

“அத்த அவங்ககிட்டயே சொல்லுங்க மாமா. அங்க இருந்தே சொல்லுங்க.”

“மேடம், மண்டே இன்டர்வியூ. ஐ பிராக்டீஸ் இங்கிலீஷ்” என்றார்.

அந்தம்மாவின் முகம் இளகியது. ஆனாலும் அவரைக் கிட்டே கூப்பிடவில்லை. பலகையில் உட்கார்ந்தபடியே ஏதோ கேட்டார். மரத்தடியிலிருந்து பதில் வந்தது. தப்பாகச் சொன்னால் மெதுவாகத் திருத்திச் சொன்னார். பஸ் வரும்வரை இருவரும் தெருவைத் தாண்டிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பூ கட்டுவதை விட்டு வேடிக்கை பார்த்தோம். பஸ் ஏறும்போது அந்தம்மா அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார். அவரும் மரத்தடியை விட்டு நகராமல் கைகூப்பினார்.

வேலை அவருக்குக் கிடைத்தது. இன்டர்வியூவில் எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டார்களாம். மைசூர்பாகோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், கிளம்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“அந்தம்மா ரொம்ப பயந்துட்டாங்களா?”

“கை நடுங்கிக்கினு இருந்திச்சு மாமா.”

அவருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.